முறை வைத்து ஓடட்டும் பைக்

கேள்வி: மன்னார்குடி பக்கம் நாங்கள் 26 பேர். எல்லோரிடமும் பைக் இருக்கிறது. பொங்கல் லீவில் வருஷா வருஷம் ரைடு போவோம். இந்தத் தடவை சும்மா சுற்றாமல் நாலு பேருக்கு உதவியாகப் போகலாம் என்று யோசனை. காணும் பொங்கலன்று கல்லணையில் கிளம்பி, காவிரிக் கரையோடு மயிலாடுதுறை. அங்கே எல்லோரும் ரத்த தானம். பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு நோட்டு, பை. அப்படியே பூம்புகார் போய்விட்டு ராத்திரியே ஊர் திரும்புகிறோம். மொத்தம் 300 கிலோமீட்டர். நோட்டு, பைக்காக எங்களுக்குள் 30,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். அப்பாவோ, "பெட்ரோல் காசையும் சேத்து அந்தப் புள்ளைங்ககிட்டயே குடுத்துட்டு வீட்ல கெடங்கடா" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: அன்புள்ள தம்பி,

முதலில் அப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்றால், 300 கிலோமீட்டருக்கு ஒரு வண்டி எட்டரை லிட்டர் குடிக்கும். 26 வண்டிக்கு 220 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 22,000 ரூபாய். டீ, டிபன், மதியச் சாப்பாட்டைச் சேர்த்தால் பிள்ளைகளுக்குப் போகிற முப்பதாயிரத்தைத் தொட்டுவிடும். அப்பா விஷயம் தெரிந்தவர்தான்.

ஆனால் ரைடை நிறுத்தினால் அந்த இருபத்திரண்டாயிரம் நேராக இல்லத்துக்குப் போய்ச் சேருமா? சேராது. வேறு ஏதாவது வழியில் செலவாகிவிடும், உங்களுக்கும் தெரியும். அதனால் ரைடு உங்கள் சந்தோஷம் என்று ஒத்துக்கொண்டு, அதை உங்கள் சொந்தச் செலவில் எழுதுங்கள். தர்மக் கணக்கில் எழுதாதீர்கள். சந்தோஷமாக வண்டி ஓட்டுவதில் ஒரு தப்பும் இல்லை.

ரைடால் பணம் திரட்டவும் முடியும். 2012-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மார்க் ஹாவா என்பவர் 'டிஸ்டிங்குவிஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு' என்று ஒன்றைத் தொடங்கினார். கோட்டு, டை கட்டிக்கொண்டு பழைய பாணி பைக்குகளில் ஊரைச் சுற்றி வருவார்கள். இப்போது பல நாடுகளில் நடக்கிறது. ஓட்டுகிறவர் பெயரைச் சொல்லி அவருடைய சொந்தக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் பணம் போடுகிறார்கள். அது புராஸ்டேட் புற்றுநோய்க்கும் ஆண்களின் மனநலத்துக்கும் போகிறது. அங்கே ரைடு ஒரு தண்டோரா மாதிரி. நீங்கள் தண்டோரா போடாமல் கைக்காசைப் போட்டிருக்கிறீர்கள், வித்தியாசம் அவ்வளவுதான். நாளைக்கு நீங்களும் வெளியாரிடம் வாங்குவதாக இருந்தால், ஒருத்தருடைய ஜிபே எண்ணில் வாங்காதீர்கள். மூன்றாம் மாதமே நட்பு கெட்டுவிடும். (கோட்டுக்குப் பதில் வேட்டியில் போகலாமே என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். செயின் வேட்டியை விடாது.)

உங்கள் திட்டத்தில் எனக்கு பகீர் என்றது ரத்த தானம்தான். முந்தின ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். விடிகாலையில் கிளம்பி வெயிலில் பாதி நாள் ஓட்டுகிறீர்கள். 350 மில்லி ரத்தம் கொடுத்துவிட்டு, மறுபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பூம்புகார், அப்புறம் இருட்டில் மன்னார்குடி. ரத்தம் கொடுத்த சிலருக்கு உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத் தலை சுற்றும். கட்டிலில் சுற்றினால் படுத்துக்கொள்ளலாம், பைக்கில் சுற்றினால்? நீண்ட தூரம் வண்டி ஓட்டும் வேலைக்காரர்கள் அடுத்த வேலைக்கு 24 மணி நேரம் இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும் என்று ரத்த வங்கி விதியே இருக்கிறது. ரைடன்று ரத்த தானம் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பத்தாயத்து நெல் மாதிரி ரத்தத்தைக் கொட்டி வைக்க முடியாது. சிவப்பணு 35 முதல் 42 நாள் வரை தாங்கும், தட்டணு (பிளேட்லெட்) 5 நாள்தான். தை மாதம் ஒரே நாளில் நீங்கள் 26 பேரும் கொடுத்தது, மார்ச்சில் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு இருக்காது.

மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷம் நம் பக்கம் என்ன செய்கிறோம்? முறை வைத்து விடுகிறோம். காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள். உங்கள் பாமணியாற்று வாய்க்கால் வரைக்கும் அந்த முறைதான் பயிரைக் காப்பாற்றுகிறது. ரத்தத்துக்கும் அதையே செய்யுங்களேன். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். மூன்று மாதம் என்பது 13 வாரம். வாரத்துக்கு இரண்டு பேர் என்றால் சரியாக 26! கடைசி ஜோடி கொடுத்து முடித்த அடுத்த வாரம் முதல் ஜோடிக்கு முறை வந்துவிடும். 18 வயதும் 45 கிலோ எடையும் இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக் கூடாது. பக்கத்து அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் எந்த குரூப் குறைவாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வரிசையை முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம். கொடுப்பவர் பின்னால் உட்காரட்டும், அன்றைக்கு முறை இல்லாதவர் ஓட்டட்டும். பைக்குக்கும் வேலை கிடைத்துவிடும்.

குழந்தைகள் இல்லத்துக்கு நோட்டும் பையும் ஜனவரியில் எதற்கு? பள்ளி திறப்பது ஜூனில். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே இரண்டும் கொடுக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் யாரும் தொடாத பழந்துணி ரோட்டோரம் மலையாகக் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்போது சின்னப் பிள்ளை, அப்பாவைக் கேளுங்கள். ஒரு போன் போட்டு "என்ன வேண்டும்?" என்று கேட்காததால் வந்தது அது. இல்லத்திலும் கேளுங்கள். மிக்ஸி ரிப்பேர் என்பார்கள், இன்வெர்ட்டர் பேட்டரி என்பார்கள். அப்புறம், பிள்ளைகளோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் உண்டு.

உங்கள் கூட்டத்தில் மெக்கானிக் வேலை தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். ஆப்பிரிக்காவில் சுகாதாரப் பணியாளர்களுக்கு யார் யாரோ கொடுத்த பைக்குகள், ஆயிலும் ஸ்பேரும் பார்க்க ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்த பாரி கோல்மன் என்ற பத்திரிகையாளர், பைக் பந்தய வீரர் ராண்டி மமோலா போன்றவர்களோடு சேர்ந்து 'ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்' என்ற அமைப்பை உண்டாக்கினார். வண்டியை ஓடும் நிலையில் வைத்திருப்பதுதான் அவர்கள் செய்த தொண்டு. நம் ஊர் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவின் ஸ்கூட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றி, பிரேக் பார்த்துக் கொடுத்தால் எத்தனை கர்ப்பிணிகள் வீட்டுக்கு அந்த வண்டி போகும்! முப்பதாயிரத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் ஆசை.

ரைடுக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் காணும் பொங்கலன்று வேண்டாம். கல்லணையிலும் பூம்புகாரிலும் அன்றைக்குக் கால் வைக்க இடமிருக்காது. தை மாதம் சம்பா அறுப்பு வேறு. அறுப்பு மெஷின் ஏறி இறங்கின இடமெல்லாம் சேறு, பாதி ரோட்டில் நெல் காயும், சுற்றிக் கல் அடுக்கியிருப்பார்கள், வைக்கோல் பிரேக்கைப் பிடிக்க விடாது. 26 பேரும் ஒரே வரிசையாகப் போனால் பஸ்காரர் முந்த முடியாமல் ஏசுவார். ஆறேழு வண்டியாகப் பிரியுங்கள். அனுபவமுள்ளவர் ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில். வேகத்தை முடிவு செய்வது மெதுவாக ஓட்டுகிறவர்தான். சைலென்சரைக் கழற்றிப் 'படபட'வென்று விட்டால் அவ்வளவு நல்ல பேரும் திருவையாறு தாண்டுவதற்குள் போய்விடும்.

வழியில் விபத்தைப் பார்த்தால் தயங்காமல் நின்று 108-ஐக் கூப்பிடுங்கள். உதவினவரை வழக்கில் இழுக்காமலிருக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு 2019-இல் சேர்ந்திருக்கிறது. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் தமிழக அரசு ஏற்கிறது.

ரத்த முறை எழுத ஒரு நோட்டு வாங்கி அதை அப்பாவிடம் கொடுத்து வையுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் "இந்த வாரம் யார்றா?" என்று அவரே கேட்கட்டும்.