கேளுங்கோ, சொல்லுறம்: மீன்பிடிப் பூனை கடலுக்குள்ள போகுமோ?

கேள்வி: சேர், எங்கட கண்டல் பக்கம் ராவையில மீன்பிடிப் பூனை வருது, தலையைத் தண்ணிக்குள்ள விட்டு மீன் பிடிச்சதை வாப்பா கண்டவராம். இப்பிடியே விட்டா கோடி வருசத்தில அது கடல்நாய் (சீல்) மாதிரி ஆகிடுமோ?
(ஏ/எல் மாணவி, கிண்ணியா)

பதில்: ஏலாதெண்டு சொல்லமாட்டன் மகள். திருகோணமலை சுவாமி மலையில நிண்டு பாக்கிற நீலத் திமிங்கிலத்தின்ர வம்சமே, சுமார் 5 கோடி வருசத்துக்கு முதல் இப்ப பாகிஸ்தான் இருக்கிற பக்கம் ஓநாய் அளவில நாலு காலில திரிஞ்ச பாக்கிசீட்டஸ் மாதிரிப் பிராணியளில இருந்துதான் வந்தது. பூனைக்கு ஒரு தலைமுறை 5 வருசம் எண்டு வச்சாலும் 10 லட்சம் வருசத்தில 2 லட்சம் தலைமுறை, அது கனக்க.

எல்லாரும் முதல்ல காலைத்தான் பாப்பினம், விரலுக்கிடையில சவ்வு இருக்கெண்டு. அந்தச் சவ்வு வேற சில பூனையளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான், அதில பெரிசா ஒண்டுமில்லை. உண்மையான கெட்டித்தனம் மயிரில இருக்கு, அடியில நெருக்கமா ஒரு படை, மேல நீட்டா ஒரு படை, தண்ணி லேசில தோலைத் தொடாது. நகமும் முழுக்க உள்ள போகாது, வழுக்கிற மீனைக் கொளுவிப் பிடிக்க அது காணும்.

நான் பாக்கிறது பல்லை. பூனையின்ர கடைவாய்ப் பல்லு கத்திரிக்கோல் மாதிரி, இறைச்சியை வெட்டத்தான் சரி. கண்டலுக்குள்ள லேசாக் கிடைக்கிறது நண்டு, கொஞ்சம் தட்டையான பல்லோட பிறக்கிற குட்டி ஓட்டை நொறுக்கித் திண்டு மற்றதை விடக் கூடத் தப்பும். வடபசிபிக் கடல் நீர்நாய்க்கு இப்ப தட்டைப் பல்லுதான், அதால சிப்பியையே நொறுக்கும். அப்ப மாற்றம் காலில இல்லை, வாயில தொடங்கும் எண்டதுதான் என்ர கணக்கு. பிறகு கண், தண்ணிக்குள்ள எங்களை மாதிரி பூனைக்கும் மங்கலாத்தான் தெரியும், நீர்நாய் கண்வில்லையை நசுக்கிச் சரிப்படுத்துது, பூனைக்கு அது வர நாள் செல்லும்.

பெரிய தடை போட்டிதான். குளம் ஆறெல்லாம் நீர்நாய் இருக்கு, ஆத்து வாயில முதலை கிடக்கு, இடம் காலியா இருந்தாத்தானே இறங்கலாம். குட்டி போட எண்டு கரைக்கு வாறது பிரச்சினையே இல்லை, கடல்நாய் இண்டைக்கும் கரையிலயோ ஐஸ் மேலயோதான் குட்டி போடுது.

கேள்வி: உப்புத் தண்ணி குடிச்சா செத்துப் போகாதோ அண்ணை?
(கரைவலை இழுக்கிறவர், நிலாவெளி)

பதில்: இதுக்கு ஏற்கனவே விடை இருக்கு தம்பி. பூனையின்ர சிறுநீரகம் உப்பை நல்லாச் செறிவாக்கி வெளியில விடும், வீட்டுப் பூனை கடல்தண்ணியைக் குடிச்சுத் தாக்குப் பிடிக்குமெண்டு 1959இலயே பரிசோதிச்சுப் பாத்திட்டினம். அதுக்காக உங்கட பூனைக்கு ஒரு கோப்பை ஊத்திக் குடுத்திடாதேங்கோ.

கேள்வி: வால் துடுப்பாகிடுமோ?
(ஆசிரியை, மூதூர்)

பதில்: கஷ்டம் அக்கா. மீன்பிடிப் பூனையின்ர வால் ஏற்கனவே கட்டை, உடம்பு நீளத்தில பாதிகூட இல்லை, திரும்பேக்க சுக்கானா உதவும், அவ்வளவுதான். தள்ளுற வேலையைப் பின்னங்கால்தான் செய்யோணும், அப்ப பாதம் அகலும், தொடை கட்டையாகும், கரையில நடக்க விகாரமா இருக்கும். கொழுப்புப் படை அவ்வளவு தேவைப்படாது, எங்கட கடல் 28 பாகை மட்டில இருக்கிற சூட்டுக்கு அந்த மயிரே காணும்.