பிரஸ்ஸல்ஸ் முடிவெடுத்தால் படை கிளம்பிவிடுமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டுக்குப் படையோ குழுவோ அனுப்பும் பணியைத் தொடங்கும்போது ஒரே ஒரு நாடு எதிர்த்தாலும் எல்லாம் நின்றுவிடுமா?

எதிர்த்து வாக்களித்தால் நின்றுவிடும். ஒருமனதான முடிவு கட்டாயம். ஆனால் முறையான அறிக்கை தந்துவிட்டு, வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ளவும் ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தம் இடம் தருகிறது. அந்த முடிவைச் செயல்படுத்தும் கடமை அந்த நாட்டுக்குக் கிடையாது, அதற்குக் குறுக்கே நிற்கவும் கூடாது. 2008-இல் கொசோவோவுக்குப் போலீஸ், நீதித்துறைக் குழு போனபோது சைப்ரஸ் இப்படித்தான் ஒதுங்கியது.

கேள்வி: அயர்லாந்தின் 'முப்பூட்டு' என்றால் என்ன?

12 பேருக்கு மேற்பட்ட ஆயுதமேந்திய வீரர்களை ஐ.நா. பணிக்காக வெளிநாடு அனுப்ப, ஐ.நா. அங்கீகாரம், அமைச்சரவை முடிவு, நாடாளுமன்றக் கீழவையின் ஒப்புதல் மூன்றும் வேண்டும். சிக்கல் முதல் பூட்டில். 1999-இல் மாசிடோனியாவில் இருந்த ஐ.நா. படையின் நீட்டிப்பைச் சீனா வீட்டோ செய்தது. 2003-இல் அதே நாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் முதல் ராணுவப் பணியை அனுப்பியது. மாசிடோனிய அரசே அழைத்தும், ஐ.நா. ஆணை இல்லாததால் அயர்லாந்து சேர முடியவில்லை. அயர்லாந்தின் ராணுவ நடுநிலைக்கு இந்தப் பூட்டுதான் காவல் என்று வாதிடுவோரின் கவலை நியாயமானதே. ஆனாலும் அயர்லாந்தின் வீரர்கள் எங்கே போவது என்பதில், ஐ.நா. பாதுகாப்பு அவையில் வீட்டோ அதிகாரமுள்ள நாடுகள் ஐந்துக்கும் தடுப்புரிமை தருவது சரியல்ல என்பதே எங்கள் கருத்து. முதல் பூட்டை நீக்கி, வரம்பை 50 ஆக்கும் சட்ட வரைவை அயர்லாந்து அரசு 2025-இல் வெளியிட்டது.

கேள்வி: ஜெர்மனியில்?

1994-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது முதல், வெளிநாட்டுக்கு ஆயுதப் படை அனுப்பப் பாராளுமன்ற ஒப்புதல் கட்டாயம். பணியிடம், அதிகபட்ச வீரர் எண்ணிக்கை, காலம், செலவு எல்லாம் அரசின் கோரிக்கையில் இருக்க வேண்டும். பாராளுமன்றம் ஏற்கலாம், நிராகரிக்கலாம், திருத்த முடியாது.

கேள்வி: செலவு யாருடையது?

பெரும்பகுதி, படை அனுப்பும் நாட்டுடையது: சம்பளம், வாகனம், குண்டு எல்லாம். தலைமையகம் போன்ற பொதுச்செலவுகளை மட்டும் தேசிய வருமான விகிதப்படி பங்கிடுகிறார்கள். 2021 முதல் அதற்கு ஐரோப்பிய அமைதி நிதி இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் விளைவு, ஆப்பிரிக்க நாடான சாடுக்கு ஒன்றியம் படை அனுப்பிய பணியில் வெளிப்பட்டது. 2007 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தும், ஹெலிகாப்டரும் மருத்துவப் பிரிவும் தர நாடுகள் தயங்கியதால் 2008 ஜனவரி கடைசியில்தான் பணி தொடங்கியது. சாலை வசதியற்ற கிழக்குச் சாடில் ஹெலிகாப்டர் இல்லாமல் காயமடைந்தவரை மீட்கவே முடியாது. பிறகு, ஒன்றியத்தில் உறுப்பினரே இல்லாத ரஷ்யா நான்கு ஹெலிகாப்டர்களை அனுப்பியது.