தவளை ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று கேட்டவருக்கு

கேள்வி: நாடே கடனில் கிடக்கும்போது, வயிற்றுக்குச் சோறு போடாத தவளை, பூச்சி, பாசி ஆராய்ச்சிகளுக்கு இலங்கை ஏன் பணம் செலவிட வேண்டும்? இயற்கையைப் பார்த்து வியப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குத்தானே?

தவளை என்ற சொல் இருந்ததால்தான் இதற்குப் பதில் எழுதுகிறேன். பூச்சி என்றோ பாசி என்றோ மட்டும் எழுதியிருந்தால் படித்துவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவர் என்று எண்ணுகிறேன், தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். விஞ்ஞானி அல்லேன். ஆகவே, "இவருக்கு என்ன தகுதி" என்று கீழே எழுத நினைப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தகுதி எதுவும் இல்லை, நடந்ததைச் சொல்லுகிறேன்.

1998ஆம் ஆண்டு நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பின்னால், காட்டோரமாக, அம்மா ஒரு துண்டு நிலத்தில் லீக்ஸும் கிழங்கும் போட்டிருந்தார். ஒரு மழை நாளில் மண்ணைக் கிளறியபோது ஒரு சிறு குழிக்குள் சவ்வரிசியை வேகவைத்தது போன்ற முட்டைகள் கிடப்பதைக் கண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மண் துகள்கள் ஒட்டியிருந்த ஒரு முட்டையை விரலால் மெல்லத் துடைத்தபோது, கண்ணாடி போன்ற அந்த உருண்டைக்குள் கண்ணும் நான்கு கால்களும் உடைய ஒரு தவளை சுருண்டு கிடந்தது. சற்று நேரத்தில் அது காலை அசைத்தது. அம்மா உடனே மண்ணை மூடிவிட்டார்.

அடுத்த வாரமே வகுப்பில் தவளையின் வாழ்க்கை வட்டம் வந்தது. முட்டை, வாற்பேத்தை, கால் முளைத்த வாற்பேத்தை, தவளை என்று படம் தொங்கியது. நான் எழுந்து, மண்ணுக்குள் இருந்த முட்டையையும் அதற்குள் கால் முளைத்த தவளையையும் பற்றிச் சொன்னேன். ஆசிரியர், "உன் அம்மா எத்தனையாம் வகுப்புப் படித்தவர்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. பொய் சொன்னதற்காக இரண்டு பிரம்படியும் கிடைத்தது. அன்று மாலை அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்.

2004இல் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து வீட்டில் இருந்த காலத்தில், காட்டில் தவளைகளைக் கணக்கெடுக்க ஒரு சிங்களப் பெண் வந்தார். பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி. பேருந்தில் வந்து, தோட்டத்துப் பாதையில் மூன்று மைல் நடந்து, நெற்றியில் ஒரு மின்விளக்கைக் கட்டிக்கொண்டு மழையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நின்றார். வழிகாட்ட அம்மாவும் நானும் போனோம். பேச்சோடு பேச்சாக நான் அந்த முட்டைகளைப் பற்றிச் சொன்னேன், பாதி சிரிப்பாகத்தான், மறுபடியும் பொய்க்காரி ஆகிவிடக் கூடாதே என்று. அவர் சிரிக்கவில்லை. எங்கே என்று கேட்டார். எங்கள் மரக்கறித் துண்டில் சேற்றில் முழங்காலிட்டுத் தேடினார். அரைமணி நேரத்தில் ஒரு குழி அகப்பட்டது.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் மலைகளில் வாழும் புதர்த்தவளைகளுக்கு, நீரில் நீந்தித் திரியும் வாற்பேத்தைப் பருவமே கிடையாது. பெண் தவளை பின்கால்களால் ஈரமண்ணைத் தோண்டி முட்டையிட்டு, முட்டைகளை மண்ணோடு பிசைந்து, மூடிவிட்டுப் போய்விடும். வேறு சில இனங்கள் இலையின் அடியில் ஒட்டிவைக்கும். முட்டைக்குள் இருக்கும் கருவூணே உணவு. வளர்ச்சி முழுவதும் அதற்குள்ளேயே முடிந்து, ஒரு மாத அளவில் நெல்மணி அளவுகூட இல்லாத தவளைக்குஞ்சு வெளியே குதிக்கும். நீர் தேங்காமல் ஓடிவிடும் செங்குத்தான சரிவில் குளத்துக்கு எங்கே போவது? மூடுபனியும் ஈரமண்ணும் போதும் என்று வாழும் பிராணி அது. அதனாலேயே காட்டை வெட்டி மண் காய்ந்தால் முட்டையும் காய்ந்துவிடும்.

அம்மா தம்முடைய உடைந்த சிங்களத்தில், "நான் சொன்னப்ப யாரும் நம்பல மிஸ்" என்ற பொருளில் ஏதோ சொன்னார். நான் வகுப்பில் வாங்கிய அடி அவருக்கு எப்படித் தெரியவந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மாணவி குறிப்பேட்டில் நாள், உயரம், மண்ணின் ஈரம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அம்மாவின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். தேயிலை மலையில் அம்மாவின் பெயரை எழுதியவர்கள் எல்லாம் கிலோக் கணக்குக்காக எழுதியவர்கள்.

வியப்பு வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்கிறீர்கள். அந்த முட்டையை முதலில் கண்டு வியந்தவர் ஒரு கொழுந்து பறிக்கும் பெண். அவருக்கு இல்லாதிருந்தது வியப்பு அன்று. கண்டதைச் சோதித்து, உண்மை என்று பதிவுசெய்ய ஆள்தான் இல்லை. அந்த ஆளுக்குத்தான் ஆராய்ச்சிப் பணம் போகிறது. இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது நூற்றுக்கு 0.1 என்ற அளவில்தான், அதுவும் எல்லாத் துறைகளையும் சேர்த்து. தவளைக்குப் போகும் பங்கை நிறுத்தி நாட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று எண்ணினால் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

பதிவு என்பதன் பெறுமதிக்கு எங்கள் மலையிலேயே ஓர் உதாரணம் உண்டு. இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கையியலாளருமான கெலார்ட், நுவரெலியாவில் கிடைத்த ஒரு புதர்த்தவளையை 1853இல் விவரித்து எழுதினார். அதன் பின்னர் அது யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே ஏட்டில் ஏறியது. 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் இலங்கை ஆய்வாளர்கள் அதை மீண்டும் கண்டார்கள். உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள் சிதறிய பச்சைத் தவளை. கெலார்ட் எழுதிவைத்திராவிட்டால் கண்டவர்களுக்கும் அது இன்னதென்று தெரிந்திராது. எல்லாத் தவளைகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பழைய ஏடுகளிலும் அருங்காட்சியகப் போத்தல்களிலும் மட்டும் மிஞ்சிய இலங்கைத் தவளை இனங்கள் பதினேழுக்கும் மேல்.

சரி, இதில் சோறு எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான், பசித்தவன் கேட்பதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கேள்வியை மலையகத்தில் கேட்பவர்கள் கோப்பியின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் முன்னோர் இங்கே கொண்டுவரப்பட்டது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. 1869இல் கோப்பி இலையில் ஆரஞ்சு நிறத் துரு போன்ற ஒரு பொடி தோன்றியது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு பங்கசு என்று அந்த ஆண்டே அங்கே பெயரும் சூட்டப்பட்டது. ஆனால் விளைச்சலும் விலையும் நன்றாக இருந்தபடியால் தோட்டக்காரர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பியை நட்டார்கள். இந்த நோய் ஒன்றையே ஆராய்வதற்கென்று மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் 1880இல்தான் அனுப்பப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், காற்றில் பறக்கும் வித்திகள் ஈர இலையில் விழுந்து முளைத்து உள்ளே நுழைவதை அவர் தெளிவாகக் காட்டினார். ஆனால் அவர் வந்து சேர்வதற்குள்ளேயே பதினோர் ஆண்டுகள் போய்விட்டிருந்தன, கோப்பியும் போய்விட்டிருந்தது. துரைமாரில் பலர் வங்கியோடு முட்டிக்கொண்டார்கள். கூலி பாக்கியோடு தெருவுக்கு வந்தவர்கள் எங்கள் ஆட்கள். அந்தப் பதினோர் ஆண்டுகளில், "இலையில் இருக்கும் பொடியை ஆராய்வதற்கு ஒருவனுக்குச் சம்பளமா?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அடுத்த முறை அப்படி நடக்கவில்லை. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. இதுவும் பங்கசுதான், இதுவும் காற்றில் பரவுவதுதான். பறிக்கப்படும் இளங்கொழுந்தையே தாக்குவது. கவ்வாத்து வெட்டித் துளிர்க்கும் மலை என்றால் கேட்கவே வேண்டாம். தேயிலைக்கு அம்மை போட்டுவிட்டது என்று சொல்லிப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துப் பக்கத்துக் கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியதாக என் தாத்தா சொல்லுவார். கூழ் ஊற்றியதை நான் கேலி செய்யவில்லை; அவர்களுக்கு வேறு என்ன தெரியும்? ஆனால் இம்முறை 1925 முதல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நோயை ஆராய ஓர் ஆள் வருவதற்குப் பதினோர் ஆண்டுகள் காத்திருக்கத் தேவைப்படவில்லை. செம்பு கலந்த மருந்தால் தடுக்கலாம் என்று தெரிந்தது. வெயில் பட்டால் வித்திகள் மடியும் என்பதால், நாளுக்கு எத்தனை மணிநேரம் வெயில் அடித்தது என்று கணக்கிட்டு மருந்தடிக்கும் நாளைத் தீர்மானிக்கும் முறையும் பின்னாளில் வந்தது. என் அப்பா மருந்தடிக்கும் வேலை செய்தவர். மழைக்காலத்தில் நீலம் படிந்த கைகளோடு வீட்டுக்கு வருவார். வெயில் அடித்த வாரத்தில் அடிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டால் அவருக்குச் சந்தோஷம். (அந்த மருந்து அவருடைய நெஞ்சுக்கு என்ன செய்தது என்று யாராவது கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதையும் ஆராய்ந்திருக்க வேண்டும் என்பதே என் பதில், ஆராய்ச்சியே வேண்டாம் என்பது அல்ல.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "மக்கள் வரிப்பணம்" என்று இந்தப் பேச்சில் அடிக்கடி வருகிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஏற்றுமதித் தேயிலை மீது விதிக்கப்பட்ட வரியைக் கொண்டு நடந்தது. அந்தத் தேயிலை எவருடைய விரல்களால் பறிக்கப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, பெயர்கூட எழுதப்படாமல், இந்த நாட்டில் விஞ்ஞானத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் எங்கள் பாட்டிமார். ஆகவே அது வீண் என்று சொல்ல யாருக்காவது உரிமை இருந்தால் அது எங்களுக்குத்தான் முதலில் இருக்கிறது. நான் வீண் என்று சொல்லவில்லை.

ஆராய்ந்தவர்களைக் கேளாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழங்கதைகூடத் தேவையில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. மண்ணையும் பயிரையும் படித்தவர்கள் எச்சரித்தும் கேட்கப்படவில்லை. சில மாதங்களில் தடை நீக்கப்பட்டபோது காலம் கடந்திருந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. எரிபொருளும் இல்லாத ஆண்டு என்பதால் முழுப் பழியையும் பசளையின் மேல் போட மாட்டேன். ஆனால் என் தங்கை அந்த ஆண்டு அதே மலையில், அதே நேரம் நின்று, கூடை நிறையாமல் அரைப் பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) வீடு திரும்பினாள். கொழுந்து வளரவில்லை என்பதற்குச் செடியிடம் போய் விளக்கம் கேட்க முடியாது. கிலோ குறைந்தால் குறைந்ததுதான்.

தவளையும் தேயிலையும் ஒன்றா என்று கேட்டால், ஒன்றல்ல. தவளையைப் படித்ததால் நாளைக்குக் கொழுந்து கூடும் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. 1869இல் அந்தப் பொடியை எடுத்து அனுப்பியவரும் அதனால் என்ன பயன் வரும் என்று தெரிந்து அனுப்பியிருக்க மாட்டார். எங்கள் லயத்துப் பீலியில் வரும் தண்ணீர், தவளை வாழும் அதே காடு மூடுபனியை இலைகளில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்கும் தண்ணீர். அந்தக் காட்டு மண் காய்கிறதா என்பதை எந்த அதிகாரிக்கும் முன்பாகத் தவளை முட்டை சொல்லிவிடும். இதற்கு மேல் பயனைக் காட்டு என்று என்னை வற்புறுத்தாதீர்கள்.

என் உண்மையான மனக்குறை பணத்தைப் பற்றியதுகூட அல்ல. நான் முதலில் வேலை பார்த்த ஒரு பாடசாலையில் புத்தம்புதிய நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். நான்கு ஆண்டுகளில் ஒரு பிள்ளையும் அதற்குள் கண்ணை வைத்ததில்லை. மேலதிகாரிகள் வந்த நாளில் மட்டும் அது மேசைக்கு வரும், பூவும் பக்கத்தில் இருக்கும். தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க என் வகுப்புத் தோழிகள் எத்தனை பேர் இடம் கிடைக்காமல் கலைப்பிரிவுக்குப் போனார்கள் என்பது வேறு கதை.

சென்ற மாதம், இடைப்பருவ மழை தொடங்கிய வாரத்தில், என் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தயிர்க் கோப்பை ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தான். உள்ளே ஈரமண், மண்ணுக்குள் பதினெட்டு முட்டைகள். புத்தகத்தில் இருப்பது போல இல்லையே டீச்சர் என்று பயந்து பயந்து கேட்டான். எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும் என்று அவனோடு போய், குழியை மூடி, யாரும் மிதிக்காமல் இருக்க நான்கு குச்சிகளை நட்டுவிட்டு வந்தோம். தினமும் காலையில் மழை அளவையும் மண் ஈரமாக இருக்கிறதா என்பதையும் அவன் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதுகிறான். எடுத்துவந்ததில் முட்டைகள் கெட்டுவிட்டனவா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றோடு பத்தொன்பது நாள்.