சவானா ஓக் மரங்களில் தாடிபோலத் தொங்குகிறதே, அது ஒட்டுண்ணியா? மரம் செத்துவிடாதா?

ஒட்டுண்ணி இல்லை. ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் கிளைகளிலிருந்து தொங்கும் அந்தச் சாம்பல் நிறக் கொத்துக்கு ஸ்பானிஷ் மாஸ் என்று பெயர். அன்னாசிக் குடும்பத்துப் பூக்கும் செடி. மரத்தின் சாற்றைத் தொடுவதே இல்லை; இலைமேல் உள்ள நுண்ணிய செதில்கள் வழியாக மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஒரு இழையை நனைத்துப் பாருங்கள், பச்சை தெரியும். ரொம்ப அடர்ந்தால் வெயிலை மறைக்கும், கிளைக்குப் பாரம். அவ்வளவுதான்.

தாடியை மட்டும் படமெடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கிளையின் மேற்புறத்தைக் கவனியுங்கள்: வறட்சியில் சுருண்டு பழுப்பாகக் கிடக்கும் பெரணி, நல்ல மழைக்குப் பின் விரிந்து பச்சையாகிவிடும். இந்த வகை ஓக் குளிர்காலத்திலும் மொட்டையாவதில்லை. கட்டையும் இரும்பு மாதிரி. 1797இல் கடலில் இறக்கிய 'கான்ஸ்டிடியூஷன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் சட்டகத்துக்கு ஜார்ஜியாவில் வெட்டிய இந்த மரத்தைத்தான் பயன்படுத்தினார்கள்.

எங்கே பார்ப்பது? ஃபோர்சைத் பூங்காவுக்கு எல்லாரும் போகிறார்கள். என் ஓட்டு ஊருக்கு வெளியே உள்ள வோர்ம்ஸ்லோ என்ற பழைய பண்ணைத் தோட்டத்துக்கு. சுமார் ஒன்றரை மைல் சாலை, இருபுறமும் 400க்கு மேற்பட்ட ஓக்குகள். 1890களில் நட்டவை என்றால் நம்பவே முடியாது, பார்வைக்கு அவ்வளவு கிழம். தரையில் விழுந்து கிடக்கும் மாஸை மட்டும் அள்ளாதீர்கள். அரிப்பு கிளப்பும் சிற்றுண்ணிகள் அதில் இருக்கக்கூடும்.