ஒரே டெண்டர், இரண்டு சீருடை

வணக்கம் சார்,

கற்பனை நாடு ஒன்றை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சின்ன நாடு, மலை எல்லை, ஒரு துறைமுக நகரம். புதிதாக வந்த அரசு, ராணுவத்தின் பழைய துப்பாக்கிகளையும் போலீஸின் பழைய துப்பாக்கிகளையும் ஒரே டெண்டரில் மாற்ற முடிவு செய்கிறது. எல்லாருக்கும் ஒரே மாடல், ஒரே தோட்டா. மொத்தமாக வாங்கினால் விலை குறையும், பழுதுபார்ப்பதும் சுலபம் என்கிறார் அமைச்சர். அவரை நல்லவராகத்தான் எழுதியிருக்கிறேன். படித்த நண்பர் ஒருவர், ‘இதெல்லாம் ஆறு மாதத்தில் முடிகிற வேலையா?’ என்று கேட்டார். எங்கே நம்பும்படி இல்லை என்று சொல்ல முடியுமா? எந்தத் துப்பாக்கியை வாங்கவைக்கலாம்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நண்பர் கேட்டது சரிதான், ஆறு மாதம் போதவே போதாது. ஆனால் என்னை உறுத்தியது வேறு இடம். அந்த ‘எல்லாருக்கும் ஒரே மாடல்’ யோசனையை உங்கள் கதையில் யாரும் எதிர்த்த மாதிரி தெரியவில்லை.

காலக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைபிள் 1999-ல் கார்கில் மலைக்குப் போனது. குளிரில் தோட்டா நிரப்பும் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விடுகிறது, சுடும்போது நடுவில் சிக்கிக்கொள்கிறது என்று புகார்கள் வந்தன. மாற்று தேடி 2011-ல் 66,000 ரைபிளுக்கு டெண்டர் விட்டார்கள். அதில் என்ன கேட்டார்கள் பாருங்கள்: ஒரே ரைபிள், குழலை மாற்றிப் போட்டால் ஒரு நேரம் 5.56 மி.மீ. விட்டமுள்ள தோட்டா, இன்னொரு நேரம் 7.62. எல்லைப் போருக்கு ஒன்று, தீவிரவாதிகளோடு மோத மற்றொன்று. பெரிய பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன, சோதனைகள் நடந்தன, 2015-ல் எல்லாம் ரத்து. அப்புறம் தேவையே மாறியது, பெரிய 7.62 தோட்டாதான் வேண்டும் என்றார்கள். 2019 பிப்ரவரியில் அவசரத் தேவைக்கென்று அமெரிக்காவின் சிக் சாவர் கம்பெனியிடம் 72,400 ரைபிள் வாங்க ஒப்பந்தம். அடுத்த மாதமே அமேதி மாவட்டம் கோர்வாவில், ரஷ்யாவோடு கூட்டாக ஏகே-203 ரைபிள் தயாரிக்கும் தொழிற்சாலைக்குத் தொடக்கவிழா. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட அந்த ரைபிள்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானதோ 2021 டிசம்பரில். சிக் சாவருக்கும் ஏகேவுக்கும் தோட்டா 7.62தான், ஆனால் நீளம் வேறு. ஒன்றின் தோட்டா மற்றதற்கு உதவாது. ஆக, ஒரே ராணுவத்துக்குள்ளேயே ஒரே மாடல், ஒரே தோட்டா நடக்கவில்லை.

இனி போலீஸுக்கு வருகிறேன். ‘த்ரீ நாட் த்ரீ’ என்று நம் ஊர் போலீஸ்காரர்கள் சொல்லும் ரைபிள், வெள்ளைக்காரன் காலத்து ராணுவ ரைபிள். 1962 சீனப் போரிலும் நம் சிப்பாய்களிடம் அதுதான் இருந்தது. அதன்பிறகு ராணுவம், அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். ரைபிளுக்கு மாறியது. த்ரீ நாட் த்ரீ போலீஸ் ஸ்டேஷன்களிலேயே தங்கிவிட்டது. உத்தரப்பிரதேச போலீஸ் அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில். ராணுவம் இன்சாஸுக்கு மாறியபோது எஸ்.எல்.ஆர். போலீஸுக்கு வந்தது. பெரும்பாலும் இப்படித்தான், அங்கே கழித்தது இங்கே வரும். ஸ்டேஷனில் பாரா நிற்கும் காவலருக்கு உண்மையில் என்ன தேவை என்று யோசித்து வாங்கியவை அல்ல இவை.

இதன் விலை என்ன என்று தூத்துக்குடியில் பார்த்தோம். 2018 மே மாதம், ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். மஞ்சள் டிஷர்ட் போட்ட ஒருவர் போலீஸ் வேன் கூரைமேல் ஏறி, ரைபிளால் குறிபார்க்கிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 13 பேர் செத்தார்கள். அன்று பயன்பட்டவற்றில் எஸ்.எல்.ஆரும் ஒன்று. நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் பாயும் தோட்டா, பல நூறு மீட்டர் தள்ளிப் பதுங்கியிருக்கிற எதிரிப் படைக்காரனை வீழ்த்தச் செய்தது. ஒரு உடம்பைத் துளைத்து வெளியே வந்து, பின்னால் நிற்பவரையும் கொல்லும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூடிய ஜனங்கள் முன்னால் அதற்கு என்ன வேலை? சுட உத்தரவிட்டவர்களின் பொறுப்பைத் துப்பாக்கிமேல் போட நான் ஒப்பமாட்டேன், அது தனிக் குற்றம். ஆனால் கையில் எது இருக்கிறதோ அதுதான் வெடிக்கும். 1990-லேயே ஐ.நா. தன் நெறிமுறைகளில், காவலர்களுக்குப் பலவகைக் கருவிகள் வேண்டும், உயிரைப் பறிக்காதவையும் அதில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டது.

நீங்கள் மும்பையைச் சொல்லலாம். சொல்ல வேண்டியதுதான். 2008 நவம்பர் 26 இரவு சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில், ஏகே வகை ரைபிளோடு வந்த இருவரை எதிர்கொண்ட போலீஸாரில் சிலரிடம் இருந்தது த்ரீ நாட் த்ரீ. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய ரைபிள். சிலரிடம் வெறும் லத்தி. கிர்காவ் சௌபாட்டியில் துக்காராம் ஓம்ப்ளே என்ற போலீஸ்காரர், அந்த இருவரில் ஒருவனான கசாபின் துப்பாக்கிக் குழலை வெறுங்கையால் பிடித்து, குண்டுகளை உடம்பில் வாங்கிச் செத்தார். அந்த நிலைமை எந்தக் காவலருக்கும் வரக் கூடாது. அதற்குத் தீர்வு, நன்றாகப் பயிற்சி பெற்று உடனே வந்து சேரக்கூடிய தனிப் படை. மகாராஷ்டிரா பின்னால் ஃபோர்ஸ் ஒன் என்று அப்படி ஒன்றை உருவாக்கியது. ஊரிலுள்ள எல்லாக் காவலருக்கும் போர் ரைபிள் கொடுப்பது அதற்குப் பதிலாகாது. பிரிட்டனில் பெரும்பாலான போலீஸார் இன்றும் துப்பாக்கி இல்லாமல்தான் ரோந்து போகிறார்கள், ஆயுதப் பிரிவு தனியாக இருக்கிறது. நார்வேயில் பல காலம் துப்பாக்கி வழக்கமாக ரோந்து வண்டிக்குள் பூட்டியிருந்தது.

உங்கள் நாவலுக்கு என் யோசனை இது. டெண்டருக்கு முன்னால் தேவைப் பட்டியல் எழுதும் கூட்டம் ஒன்று நடக்கும், அதை ஒரு முழு அத்தியாயமாக எழுதுங்கள். மலை எல்லையைப் பார்த்த தளபதி தூரம் கேட்பார், குளிர் தாங்க வேண்டும் என்பார். அவர் கேட்பது நியாயம். துறைமுக நகரத்திலிருந்து வரும் போலீஸ் அதிகாரியை அங்கே வாய் திறக்கவிடுங்கள். என் ஆட்கள் சுடுவது சந்தைக்குள், பஸ் ஸ்டாண்டுக்குள், தோட்டா எங்கே போய் நிற்கும் என்று அவர் கேட்கட்டும். என் காவலர் கடைசியாகச் சுட்டுப் பழக ரேஞ்சுக்குப் போனது எப்போது, பயிற்சிக்குத் தோட்டா வாங்க இந்தப் பணத்தில் பங்கு உண்டா என்றும் கேட்கட்டும். அமைச்சர் நல்லவராகவே இருக்கட்டும். சிக்கனம் பார்க்கிற நல்ல மனிதர் அந்தக் கேள்விக்கு எப்படித் திணறுவார் என்பதைப் படிக்க எனக்கு ஆசை.

எந்தத் துப்பாக்கி என்று கேட்டீர்கள். கம்பெனி பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டெண்டரை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள், முதல் டெண்டர் ஒரு தடவையாவது ரத்தாகட்டும். அந்த அத்தியாயம் முடிந்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.