வரித் துறையிடம் கணக்குக் கேட்பது எப்படி? ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலரின் கேள்வி பதில்

வருவாய்த் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வந்திருக்கும் கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். வருமான வரி குறித்த பிரிவு எண்கள் அனைத்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இந்த எண்கள் மாறுகின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி): வரித் துறை நம்மைக் கேள்வி கேட்கிறது. வரித் துறையைக் கேள்வி கேட்பவர் யார்?

நல்ல கேள்வி, அம்மா. அரசமைப்புச் சட்டத்தின் 265ஆவது பிரிவிலிருந்து தொடங்குங்கள். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அது. அந்த அதிகாரம் ஒழுங்காகப் பயன்படுகிறதா என்று பார்க்கும் கடமை தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கு, அதாவது சிஏஜிக்கு, இருக்கிறது. சிஏஜி செலவை மட்டும்தான் தணிக்கை செய்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 1971ஆம் ஆண்டு சிஏஜி சட்டத்தின் 16ஆவது பிரிவு, வரியை மதிப்பிடுவதிலும் வசூலிப்பதிலும் உரிய கணக்கில் சேர்ப்பதிலும் விதிமுறைகள் போதுமானவையாக இருக்கின்றனவா, அவை பின்பற்றப்படுகின்றனவா என்று சரிபார்க்கச் சொல்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 151ஆவது பிரிவின்படி அந்த அறிக்கை குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது.

பிறகு அது பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும் கொண்ட அந்தக் குழுவுக்கு, 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமை வகிப்பது மரபாக இருக்கிறது. அறிக்கை அவையில் வைக்கப்பட்ட 4 மாதங்களுக்குள் துறை தன் நடவடிக்கைக் குறிப்பைத் தர வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும், தணிக்கையில் கண்டுபிடித்த தவறு அச்சிட்ட பக்கத்தோடு நின்றுவிடும்.

கேள்வி (நூல் வியாபாரி): கணக்குத் தாக்கல் செய்து பத்து மாதம் ஆகிறது. ரீஃபண்டு வரவில்லை. யாரைக் கேட்பது?

கணக்குத் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து 9 மாதங்களுக்குள் 143(1) பிரிவின்படி அது பரிசீலிக்கப்பட வேண்டும். ஆகவே முதலில் அந்தக் கெடு முடிந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். அடுத்து, உங்கள் பெயரில் துறைக்கு வந்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் உள்ள டிடிஎஸ் தொகையும் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டிய வரி) நீங்கள் எழுதிய தொகையும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். மூன்றாவதாக, பழைய ஆண்டு ஏதேனும் ஒன்றில் வரி நிலுவை காட்டப்பட்டிருந்தால் 245ஆவது பிரிவின்படி ரீஃபண்டை அதில் கழிக்க முடியும். ஆனால் அதற்கு முன் உங்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்பு இல்லாமல் கழித்திருந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். தாமதத்துக்கு 244ஏ பிரிவின்படி மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி உண்டு. ரீஃபண்டு, தீர்மானிக்கப்பட்ட வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் மட்டும் வட்டி கிடையாது.

எதைச் செய்தாலும் எழுத்தில் செய்யுங்கள். ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் பேசியது தணிக்கைக்கு வராது.

கேள்வி (பட்டயக் கணக்காளர்): வரி உத்தரவில் உள்ள பிழையைத் திருத்தக் கோரி என் கட்சிக்காரர் கொடுத்த திருத்த மனு ஓராண்டாகக் கிடக்கிறது. கேட்டால் “ஆள் இல்லை, சார்” என்கிறார்கள். இது ஒரு பதிலாகுமா?

சட்டப்படி ஆகாது. 154(8) பிரிவின்படி, மனு கிடைத்த மாதம் முடிந்து 6 மாதங்களுக்குள் அதை ஏற்றோ மறுத்தோ உத்தரவு போட்டாக வேண்டும். காலிப் பணியிடம் இருந்தால் கெடு நீளும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆனால் அந்தப் பதிலைச் சொன்ன மனிதர் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்பதையும் நான் சொல்ல வேண்டும். ஒரு வருமான வரி வார்டு அலுவலகத்தைத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். அதிகாரியின் மேசையில் இரண்டு முத்திரைகள் இருந்தன; ஒன்று அவருடைய வார்டுக்கு, மற்றொன்று கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவந்த பக்கத்து வார்டுக்கு. மார்ச் 31க்குள் காலவரம்பு முடிகிற வழக்குகளின் பட்டியலைச் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். திருத்த மனுக்கள் பீரோவுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தன. மேலே கிடந்த மனுவோடு ஊசி குத்தி இணைத்திருந்த டிடிஎஸ் சான்றிதழ்களை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஊசி துருப்பிடித்துத் தாளில் கறை ஏறியிருந்தது. அந்த மனுதாரருக்கு அடுத்த ஆண்டு வர வேண்டிய ரீஃபண்டு, இல்லாத நிலுவைக்காகக் கழிக்கப்பட்டிருந்தது.

தணிக்கையில் நாங்கள் ‘ஆஃப் மார்ஜின்’ என்று ஒரு தாள் கொடுப்போம். ஒரு பாதியில் நாங்கள் கேள்வி எழுத, மறு பாதியில் அலுவலகம் பதில் எழுதும். நான் தாமதத்துக்குக் காரணம் கேட்டேன். “ஊழியர் பற்றாக்குறை” என்று பதில் வந்தது. பற்றாக்குறையை மேலிடத்துக்குத் தெரிவித்த கடிதத்தின் நகலைத் தருமாறு அடுத்த தாளில் கேட்டேன். அப்படி ஒரு கடிதம் எழுதப்படவே இல்லை. என் பணிக்காலத்தில் நான் கற்ற முக்கியமான பாடம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. நாற்காலி தானாகக் காலியாக இருப்பதில்லை. அதை நிரப்பக் கேட்காதவர் ஒருவர் இருக்கிறார், அல்லது கேட்டும் நிரப்பாதவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் கட்சிக்காரரின் மனுவோடு இந்தக் கேள்வியையும் எழுத்தில் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி (ஓய்வூதியர்): எனக்கும் ரீஃபண்டு வரவில்லை.

நூல் வியாபாரிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள், ஐயா. உங்களுக்கும் அதுவே பொருந்தும்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): அதிகாரிகள் கூடினால் தொல்லைதான் கூடும். கணினியே எல்லாவற்றையும் செய்யும் காலத்தில் பணியிடங்களைக் குறைப்பதுதானே குடிமக்களுக்கு நல்லது?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. முடிவோடு உடன்பட முடியவில்லை. அதிகாரியும் வரி கட்டுபவரும் நேரில் சந்திக்காத முகமறியா மதிப்பீட்டு முறை 2019இல் தொடங்கி 2020 ஆகஸ்டில் விரிவுபடுத்தப்பட்டது. அலுவலகப் படியேறி நிற்கும் அவமானத்தையும் மேசைக்கு அடியில் கை நீட்டும் வாய்ப்பையும் அது குறைத்தது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணினி எழுப்பும் ஒவ்வொரு முரண்பாட்டையும் கடைசியில் ஒரு மனிதர்தான் படித்துத் தீர்க்க வேண்டும். அந்த மனிதரைக் குறைத்தால் கணினி நோட்டீஸ் அனுப்புவதை நிறுத்தாது. உங்கள் பதிலைப் படிப்பதற்குத்தான் ஆள் இருக்காது.

அவரே மீண்டும்: அப்படியானால் 2013இல் 20,000க்கும் மேற்பட்ட பணியிடங்களை வருமான வரித் துறைக்குக் கூட்டினார்களே, என்ன மாறியது?

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அமைச்சரவை அந்தப் பணியிடங்களை அனுமதித்தது உண்மை. அனுமதிப்பது வேறு, ஆளை அமர்த்துவது வேறு. ஆய்வாளர் பணிக்கு எஸ்எஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு நடத்தி, முடிவு வெளியிட்டு, சான்றிதழ் சரிபார்த்து, பயிற்சி கொடுத்து முடிப்பதற்குள், இன்னொரு பக்கம் ஓய்வு பெறுவோர் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தாளில் உள்ள எண்ணிக்கையை வைத்து “ஆள் கூடியும் பயனில்லை” என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

இடையில் ஒருவர் (துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி): கணினி வந்த பிறகு எங்கள் வேலை இரட்டிப்பானது. கணினியிலும் பதிய வேண்டும், கோப்பிலும் எழுத வேண்டும். தொல்லை கொடுக்க எங்களுக்கு ஏது நேரம்?

அம்மா சொல்வதைப் பொறியாளர் கவனிக்க வேண்டும். அதே சமயம் அம்மாவிடமும் ஒன்று சொல்கிறேன்: வேலைப்பளு காரணமாகலாம், வரி கட்டியவரின் உரிமையைக் குறைக்க முடியாது.

ஆளில்லாத நிறுவனம் எப்படி இருக்கும் என்பதற்கு ஜிஎஸ்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை விடப் பெரிய சாட்சி வேண்டாம். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தீர்ப்பாயத்துக்கான பிரிவும் சட்டத்தில் அன்றே இருந்தது. முதல் தலைவர் பதவியேற்றது 2024 மே மாதத்தில். தீர்ப்பாயம் தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பரில். எட்டாண்டுகளாக, முதல் மேல்முறையீட்டில் தோற்ற சிறு வணிகர் உயர் நீதிமன்றத்துக்குச் செலவு செய்து போக வேண்டியிருந்தது, அல்லது காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே தொல்லை கொடுக்கும் அதிகாரி ஒருவர்கூட இல்லை. அந்த வெறுமையே அவருக்குத் தொல்லையாக இருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். குறைகேட்பதற்கென்று 2003இல் ஏற்படுத்திய வருமான வரிக் குறைதீர்ப்பாளர் அமைப்பை 2019 பிப்ரவரியில் கலைத்தார்கள். மக்கள் இணையவழிக் குறைதீர்ப்பை நாடுகிறார்கள் என்பது அதற்குக் கூறிய காரணங்களில் ஒன்று. ஆனால் இணையத்தில் பதிந்த புகார் பெரும்பாலும் எந்த அலுவலகத்தைப் பற்றியதோ அங்கேயேதான் போய்ச் சேர்கிறது. துறைக்கு வெளியே நின்று கேட்கும் ஒருவர் தேவை என்பதே என் உறுதியான கருத்து. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1941 முதல் மதிப்போடு இயங்குவதற்கு, அது நிதி அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் சட்ட அமைச்சகத்தின் கீழ் இருப்பதும் ஒரு காரணம்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர்): நிலுவை வரி கட்டச் சொல்லி மின்னஞ்சலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. உடனே கட்டிவிடவா?

கட்டாதீர்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். விதிவிலக்குகள் மிகச் சில. மின்னஞ்சலில் உள்ள சுட்டியைத் தொடாமல், துறையின் இணையதளத்துக்கு நீங்களே போய் அந்த எண்ணைச் சரிபாருங்கள். உண்மையான நோட்டீஸாக இருந்தால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி (வீட்டு உரிமையாளர்): மாநகராட்சி சொத்து வரியைத் தவறாகக் கணக்கிட்டிருக்கிறது.

அது என் துறை இல்லை. மாநகராட்சி ஆணையருக்கு ஆட்சேப மனு கொடுங்கள்.

கேள்வி (பெயர் குறிப்பிடாதவர்): ரீஃபண்டு எப்போது வரும்?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. மேலே விரிவாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டு, அதில் இல்லாத விவரம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி (முதலில் கேட்ட மாணவி): என் பகுதி அலுவலகத்தில் எத்தனை இடம் காலி என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று வழிகள் உள்ளன. மத்திய பட்ஜெட்டோடு வெளியாகும் செலவுத் தொகுப்பு ஆவணத்தில், ஒவ்வொரு துறையின் பணியாளர் எண்ணிக்கையைக் காட்டும் அட்டவணை இருக்கிறது. நேரடி வரித் துறைக்கும் மறைமுக வரித் துறைக்கும் அதில் தனித்தனி வரிசைகள் உண்டு. அது நாடு முழுவதற்குமான கணக்கு. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதி, இதை அவையில் கேள்வியாக எழுப்பச் சொல்லலாம். அமைச்சர் எழுத்தில் தரும் பதில் யாவரும் படிக்கக் கிடைக்கும்.

உங்கள் பகுதிக்கு மட்டும் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். “ஏன் ஆள் இல்லை?” என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். பதவிவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, இன்று பணியில் இருப்பவர்கள் எத்தனை பேர், கூடுதல் பொறுப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர், காலியிடங்களை நிரப்பக் கோரி கடந்த மூன்று ஆண்டுகளில் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் என்று நான்கு வரிகளில் கேளுங்கள். அந்த நான்காவது வரியை விட்டுவிடாதீர்கள், அம்மா. பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.