பழைய நகராட்சி உள்ளரங்கம்: செப்பனிடுவதா, இடித்துக் கட்டுவதா? கேள்வி பதில்

நகராட்சிக்குச் சொந்தமான பழைய விளையாட்டு அரங்கங்கள் பற்றி வந்த கேள்விகளுக்குக் கட்டமைப்புப் பொறியாளரின் பதில்கள்.

கேள்வி: சார், எங்கள் அரங்கத்துக்கு ஐம்பது வயதாகப் போகிறது. இவ்வளவு பழசானால் இடிப்பதுதானே சரி?

வயதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகர அரங்கம் 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. அதன் கூரை மட்டும் சுமார் 20,000 டன். அந்தக் கூரையைத் தற்காலிகத் தூண்களில் நிறுத்திவிட்டு, அடியில் இன்னும் ஆழமாகத் தோண்டி, உள்ளே இருந்த அத்தனையையும் புதிதாகக் கட்டினார்கள். 2021 அக்டோபரில் திறந்தது.

இதற்கு நேர்மாறானது அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு அரங்கம். 1975இல் திறந்தது, 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனிப்பாரம் தாங்காமல் கூரை மொத்தமாக இறங்கிவிட்டது. சில மணி நேரம் முன்புவரை உள்ளே ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டும்போதே அந்தக் கூரை கணக்குக்கு மேல் தொய்ந்திருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றே வயதுக் கட்டடம் அது.

கேள்வி: அப்படியானால் முதலில் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?

கூரை, தூண், அஸ்திவாரம். இருக்கை, பெயின்ட், ஸ்கோர்போர்டு எல்லாம் அப்புறம்.

நீங்களே ஒன்று செய்யலாம். பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கேலரிக்கு அடியில் உள்ள அறைகளுக்குப் போங்கள். டார்ச் அடித்து மேல்கூரையைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் கான்கிரீட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். பழுப்புக் கோடு தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். கான்கிரீட் உப்பிக்கொண்டு பெயர்ந்திருந்தால் துரு முற்றிவிட்டது. இதையெல்லாம் படம் பிடித்து நகர்மன்றக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள். கான்கிரீட்டைத் துளைத்து உருளைத் துண்டு (கோர்) எடுத்துச் சோதிப்பது, கம்பியின் துரு அளவைப் பார்ப்பது, கூரையின் போல்ட், வெல்டிங் ஒவ்வொன்றையும் ஏறிப் பார்ப்பது ஆகியவற்றைப் பொறியாளர்கள் செய்யட்டும். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1979இல் மழையும் காற்றுமாக அடித்த நாளில் ஓர் அரங்கத்தின் கூரை விழுந்ததற்கு, காற்றில் ஆடி ஆடித் தளர்ந்த போல்ட்டுகளும் ஒரு காரணம். தரையில் நின்று பார்த்தால் அது தெரியாது.

கேள்வி: செப்பனிட ஆகும் செலவு புதுக் கட்டடச் செலவில் பாதியைத் தாண்டினால் இடித்துவிட வேண்டும் என்கிறார்களே?

அப்படி ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு தொகைகளிலும் எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். புதுக் கட்டடத்தின் மதிப்பீட்டில் பழையதை இடிக்கும் செலவு, நிலம், சாலை, கடனுக்கான வட்டி எல்லாம் பெரும்பாலும் விட்டுப்போகும். செப்பனிடும் மதிப்பீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுவது, நிலநடுக்கத்துக்கு வலுவூட்டுவது, சக்கர நாற்காலிக்கு வழி, வேலை நடக்கும் மாதங்களில் இழக்கும் வாடகை எல்லாம் விட்டுப்போகும். பழைய சுவரை உடைத்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், அதனால் எதிர்பாராச் செலவுக்கு இங்கே கூடுதலாக ஒதுக்க வேண்டும். இரண்டுக்கும் முப்பது ஆண்டு மின்கட்டணம், பராமரிப்பு சேர்த்து ஒப்பிட்டால்தான் நியாயமான கணக்கு.

கேள்வி: பெரிய இசை நிகழ்ச்சிகள் எங்கள் அரங்கத்துக்கு வருவதே இல்லை. புதுப்பித்தால் வருமா அண்ணா?

கூரையைப் பொறுத்தது, தம்பி. இன்றைய பெரிய நிகழ்ச்சிகளில் ஸ்பீக்கர், விளக்கு, திரை எல்லாவற்றையும் கூரையிலிருந்துதான் தொங்கவிடுகிறார்கள். எடை பல பத்து டன் போகும். பழைய கூரைகளை அந்தப் பாரத்துக்குக் கணக்கிட்டிருக்க மாட்டார்கள். சிலவற்றை வலுப்படுத்தலாம், சிலவற்றில் அதற்குப் பதிலாகப் புதுக் கூரையே போட்டுவிடலாம். அடுத்து லாரி. நேராக மேடைவரை வர வழியில்லாமல் சாமானைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய இடம் என்றால் ஏற்பாட்டாளர்கள் வேறு ஊரைப் பார்ப்பார்கள். இவை இரண்டையும் சரிசெய்ய முடியாது என்று தெரிந்தால், பெரிய நிகழ்ச்சிகளைக் காரணம் காட்டிச் செலவு செய்யாதீர்கள். ஊர்ப் பிள்ளைகளின் போட்டிக்கும் பள்ளி விழாவுக்கும் ஏற்றபடி சின்னதாகச் செப்பனிடுங்கள். அதுவும் மதிப்புள்ள வேலைதான்.

கேள்வி: புது அரங்கம் இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போய்விடுவோம் என்கிறது எங்கள் அணி.

சியாட்டிலில் 1990களின் நடுவில் அதே அரங்கத்தைப் பெரும் செலவில் புதுப்பித்தார்கள். ஆனாலும் கூடைப்பந்து அணி 2008இல் போய்விட்டது. எத்தனை ஆண்டு தங்கும், இடையில் போனால் எவ்வளவு ஈடு தரும் என்று குத்தகையில் எழுதி வாங்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

கேள்வி: அரங்கம் வந்தால் சுற்றுவட்டாரமே வளரும் என்கிறார்களே?

இதை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்களில் பெரும்பாலோர், போட்ட பொதுப்பணம் அப்படித் திரும்புவதில்லை என்றே சொல்கிறார்கள். மக்கள் சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் செலவழித்த காசுதான் அங்கே இடம் மாறுகிறது. அரங்கம் மக்களுக்கு வேண்டும் என்றால் அதற்காகவே கட்டுங்கள்.

கேள்வி: எங்களுடையது பனிச்சறுக்குத் தளம் உள்ள அரங்கம். இடிப்பதா வேண்டாமா என்று முடிவாகவில்லை. அதுவரை பராமரிப்பில் காசு போட வேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். சரியா?

தவறு, மிகவும் ஆபத்தான தவறு. கனடாவின் ஃபெர்னி நகர அரங்கத்தில் 2017 அக்டோபர் 17 அன்று பழைய குளிரூட்டும் கருவியிலிருந்து அம்மோனியா கசிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் கருவி கசிவது முன்பே தெரிந்திருந்தும் அதை மறுபடி ஓட்டியிருந்தார்கள். அலங்கார வேலைகளை எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள். குளிரூட்டும் கருவி, கூரை, மின்சாரம், தீயணைப்பு, அவசர வழி ஆகிய ஐந்துக்கும் இந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் பணம் வரும்வரை அரங்கத்தை மூடிவைக்கட்டும்.